எல்ஃப் பூனை: பூனைக்கு ஐந்து நட்சத்திரம், விற்கிறவர்களுக்கு இரண்டரை

உடம்பில் முடி இல்லை, காது இரண்டும் பின்பக்கமாக வளைந்து நிற்கும், கண் பெரிசு, வயிறு தொப்பை. இந்தப் பூனை இனத்துக்கு எல்ஃப் என்று பெயர். படத்தைப் பார்த்தவர்கள் "இது நிஜப் பூனையா, ஏஐ வேலையா?" என்று கேட்கிறார்கள். நிஜம்தான், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு சோபாவில் ஒன்று படுத்திருக்கிறது. ஆண், கருத்தடை ஆனது, பெயர் பழனி (மொட்டைக்கு வேறு என்ன பெயர் வைப்பது). வாங்குவதற்கு முன்னால் தமிழில் தேடிப் பார்த்தேன், உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. அதனால் பொருள் வாங்கினால் எழுதுவதைப் போலவே இதையும் எழுதிவிடுகிறேன்.

கலப்பினம் என்றவுடன் காட்டு விலங்கு ரத்தம் ஏதோ இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். அது சவானா பூனையில், அதில் ஆப்பிரிக்க செர்வல் கலந்திருக்கிறது. எல்ஃப் இரண்டு வீட்டுப் பூனை இனங்களின் கலப்பு, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஸ்ஃபிங்ஸ்: 1966-இல் டொராண்டோவில் சாதாரண வீட்டுப் பூனைக்கு முடியில்லாமல் ஒரு குட்டி பிறந்தது, ப்ரூன் என்று பேர் வைத்தார்கள். அந்த வம்சம் நிலைக்கவில்லை, இப்போது இருக்கும் ஸ்ஃபிங்ஸ்கள் 1970-களில் மினசோட்டாவிலும் மறுபடி டொராண்டோவிலும் கிடைத்த பூனைகளின் வழி. இன்னொரு பக்கம் அமெரிக்கன் கர்ல்: 1981-இல் கலிஃபோர்னியாவின் லேக்வுட்டில் ஒரு வீட்டு வாசலுக்குத் தானாக வந்து சேர்ந்த கறுப்புத் தெருப்பூனை, ஷூலமித், அதற்குக் காது வளைந்திருந்தது. இந்த இரண்டையும் 2000-களில் அமெரிக்க பிரீடர்கள் (இனப் பூனைகளைப் பெருக்கி விற்கிறவர்கள்) சேர்த்தார்கள். ஆக இரண்டு பக்கமும் தானாக நேர்ந்த மரபணு மாற்றம், சேர்த்தது மட்டும் மனிதர்.

இந்த மரபணுக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் விற்கிறவரிடம் பேசுவது சுலபம். முடியில்லாத தன்மை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். காது வளைவுக்கு ஒரு பக்கம் போதும். அதனால் ஸ்ஃபிங்ஸையும் கர்லையும் நேராகச் சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் புசுபுசுவென்று முடியோடுதான் பிறக்கும். அதில் காது வளைந்த ஒன்றை மறுபடி ஸ்ஃபிங்ஸோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக்கு முடி இருக்காது, பாதிக்குக் காது வளையும், இரண்டும் ஒரே குட்டியில் அமைவது நாலில் ஒன்று. மீதி மூன்று எங்கே போகிறது? நான் பேசிய ஒரு பிரீடரிடம் இதைக் கேட்டதும் பேச்சு அப்படியே குளிர்காலத் தள்ளுபடிக்குத் தாவிவிட்டது. இன்னொருவர், அவரிடம்தான் பழனியை எடுத்தோம், முடியோடு பிறந்தவற்றை வீட்டு வளர்ப்புக்கு மலிவாகக் கொடுத்துவிடுவதாகவும், முடியில்லாமல் நேர்க் காதோடு இருப்பவற்றை "நேர்க்காது எல்ஃப்" என்று விற்பதாகவும் பட்டென்று சொன்னார். நேர்க்காது எல்ஃப் என்றால் பார்வைக்கு ஸ்ஃபிங்ஸ் மாதிரியேதானே என்றேன். சிரித்தார்.

காது விஷயத்தில் இன்னொரு தந்திரமும் நடக்கிறது. குட்டி பிறக்கும்போது காது நேராகத்தான் இருக்கும், சில நாளில் வளைய ஆரம்பிக்கும், அப்புறம் கூடும், குறையும், கிட்டத்தட்ட நாலு மாதத்தில்தான் ஒரு நிலைக்கு வரும். எட்டு வாரக் குட்டியின் படத்தைப் போட்டு "அபூர்வமான முழு வளைவு" என்று சில நூறு டாலர் ஏற்றுகிறவர்களை நான் பார்த்தேன். அந்த வளைவு நிற்குமா என்பது அவர்களுக்கே தெரியாது.

சரி, பூனைக்கு வருவோம். பூனை அருமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஓடி வருகிறது, அழைப்பு மணி அடித்தால் எனக்கு முன்னால் நிற்கிறது, வீட்டுக்கு பிளம்பர் வந்தால் அவருடைய டூல் பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை முடியும்வரை நகர்வதில்லை. தனியாக விட்டால் கத்தித் தீர்க்கும். இருவரும் ஆபீஸ் போகிற வீடு, வேறு பிராணி இல்லை என்றால் இது வேண்டாம், அதற்குச் செய்கிற கொடுமை. தூங்கப் போனால் போர்வைக்குள் புகுந்து முழங்கால் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பூனைக்கும் உடல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ்தான், இடையில் முடி இல்லாததால் நம் கைக்கு அது நேராக வருகிறது, அதனால் முதலில் தொடுகிறவர்கள் காய்ச்சலா என்று கேட்பார்கள். தோல் வழுவழு என்று இருக்காது, மெல்லிய பூமயிர் உண்டு. கழுத்திலும் முன்னங்கால் மூட்டிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும். முடி இருந்தால் எந்த நிறமாக, எந்தத் திட்டாக இருந்திருக்குமோ அது தோலிலேயே தெரியும், பழனிக்கு முதுகில் சாம்பல் திட்டு, வயிறு ரோஸ்.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "என்னடி இது, தோலுரிச்ச கோழி மாதிரி, இதையா காசு கொடுத்து வாங்கினே?" என்றார். ஒரு வாரத்தில் அவர் மடியைத் தவிர வேறு எங்கும் அது உட்காரவில்லை. "பாவம், குளிர்றதுடி" என்று ஸ்வெட்டர் பின்னிக்கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

வேலை. இதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. முடி உதிராது, சோபாவில் மயிர் ஒட்டாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் சாதாரணப் பூனைக்குத் தோலில் சுரக்கிற எண்ணெய் முடியில் பரவிப் போய்விடும், இதற்குப் போக இடமில்லை, தோலிலேயே நிற்கும். வெள்ளைத் தலையணை உறை இரண்டு வாரத்தில் பழுப்பாகிவிடும், கழுவினாலும் முழுசாகப் போகாது. அதனால் வாரா வாரம் குளியல், அவசியம். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத ஷாம்பு, மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தேய்க்க வேண்டும், குளித்த கையோடு துண்டில் சுற்றி ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுங்கும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு இன்னும் எண்ணெய் சுரக்கும் என்றும் எங்கள் வெட் (கால்நடை மருத்துவர்) சொல்கிறார், அதனால் ஆர்வக் கோளாறில் தினமும் குளிப்பாட்ட வேண்டாம்.

நகம் இன்னொரு கதை. பாதத்தை மெதுவாக அழுத்தி நகத்தை வெளியே கொண்டுவந்தால் அடியில் கருப்புப் பசை மாதிரி அழுக்கு சுற்றி ஒட்டியிருக்கும். நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகமாகத் துடைக்க வேண்டும், பதினெட்டு நகம். காதிலும் முடி இல்லாததால் குறும்பி மளமளவென்று சேரும். எல்ஃபுக்கு இதில் கூடுதல் தொல்லை: மற்றப் பூனைக்குக் காதை மடக்கிப் பிடித்துத் துடைப்பது மாதிரி இதற்குச் செய்யக் கூடாது, வளைவுக்குள் இருக்கும் குருத்தெலும்பு விறைப்பானது, எதிர்ப்பக்கம் மடக்கினால் அடிபடும். இருக்கிற வாக்கிலேயே விட்டு, வெட் கொடுத்த திரவத்தை விட்டு, வெளியே வருவதை மட்டும் பஞ்சில் ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடவே கூடாது. இமை மயிரும் கிடையாது, கண்ணில் பீளை அடிக்கடி கட்டும், காலையில் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. இதெல்லாம் உங்களுக்கு அருவருப்பு என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

சாப்பாடு அதிகம். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே நிறைய செலவாகிறது போல, அதே எடையுள்ள என் தோழி வீட்டுப் பூனையைவிட நிச்சயமாகக் கூடுதலாகத் தின்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் மேல் ஏறிப் படுக்கும், தோல் சுட்டுவிடும், பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் ஜன்னலோரம் வெயில் காய்ந்தால் அந்த ரோஸ் வயிறு சிவந்துவிடும்.

அப்புறம் அலர்ஜி. "முடியில்லை, அலர்ஜி வராது" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். தவறு. பூனை அலர்ஜிக்கு முக்கியக் காரணம் அதன் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கும் ஒரு புரதம். இது தன்னையும் நக்குகிறது, உங்களையும் நக்குகிறது, எண்ணெயும் ஊரெல்லாம் பூசுகிறது. தும்மல்காரர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பூனையோடேயே இரண்டு மூன்று முறை ஒரே அறையில் உட்கார்ந்து பாருங்கள்.

இப்போது பெரிய விஷயம், இதயம். ஸ்ஃபிங்ஸ் வம்சத்தில் இதயத் தசை தடிக்கும் நோய், ஹெச்சிஎம் என்பார்கள், அடிக்கடி வருகிறது. குட்டியில் தெரியாது, நாலு ஐந்து வயதில்கூட வெளிப்படலாம். சாதாரண வெட் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பது போதாது, இதய நிபுணர் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால்தான் தெரியும். அதனால் பிரீடரிடம் கேட்க வேண்டியது குட்டியின் சான்றிதழ் இல்லை, தாய் தந்தையின் எக்கோ ரிப்போர்ட், அதுவும் அண்மையில் எடுத்தது. முதலில் நான் அணுகிய ஒருவர் "வெட் பார்த்தாச்சு, எல்லாம் கிளீன்" என்று மூன்று மின்னஞ்சலில் மூன்று விதமாகச் சொன்னார், ரிப்போர்ட் மட்டும் வரவில்லை, முன்பணம் எப்போது என்ற கேள்வி மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒப்பந்தத்தில் பிறவிக் கோளாறுக்கு ஒரு வருட உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஐந்து வயதில் வருகிற நோய்க்கு ஒரு வருட உத்தரவாதம்! விலகிவிட்டேன். பழனியை எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டை நேரிலேயே காட்டினார்கள், பழனி இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வு கொடுத்த மூன்று வயசுப் பூனை, அதற்கே எடுத்த எக்கோவும் இருந்தது, விலையும் குட்டிக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை. குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதவர்களுக்கு இதுதான் நல்ல வழி. குணமும் தெரிந்துவிடுகிறது, காது எவ்வளவு வளையும் என்ற சூதாட்டமும் இல்லை.

இவ்வளவு பணம் கொடுத்தும், பூனை இனங்களைப் பதிவு செய்யும் பெரிய அமெரிக்கச் சங்கமான சிஎஃப்ஏ இதை ஒரு இனமாகவே ஏற்கவில்லை. கர்லுக்கு அங்கே 1993-லேயே சாம்பியன்ஷிப் அந்தஸ்து கிடைத்துவிட்டது. "பேப்பர்ஸ் உண்டு" என்று சொன்னால் எந்தச் சங்கத்துப் பேப்பர் என்று கேளுங்கள்.

இதே குடும்பத்தில் பாம்பினோ (குட்டைக் கால் மஞ்ச்கினோடு ஸ்ஃபிங்ஸ்), அதோடு கர்லையும் சேர்த்த டுவெல்ஃப், உக்ரைனில் முடியில்லாத டான்ஸ்காயையும் காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டையும் சேர்த்த லெவ்காய் எல்லாம் உண்டு. லெவ்காய் பார்க்க அழகுதான், ஆனால் ஃபோல்டின் மடிந்த காதுக்குக் காரணமான குறைபாடு உடம்பு முழுக்க மூட்டுகளைப் பாதிக்கும், வலி தரும். கர்லின் வளைவில் அப்படியொரு பிரச்சினை இல்லை என்பதால்தான் எல்ஃபை யோசித்தேன், மற்றதை யோசிக்கவில்லை. நெதர்லாந்தில் 2026 ஜனவரியிலிருந்து முடியில்லாத பூனை, மடிந்த காதுப் பூனை இரண்டையும் புதிதாக வைத்துக்கொள்ளவே தடை. மீசை மயிர்கூட ஒழுங்காக இல்லாமல், வெயிலும் குளிரும் தாங்காமல் ஒரு பிராணியைத் தெரிந்தே பிறக்கவைக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. பழனியை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எதிர்த்து வாதாட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏற்கெனவே பிறந்துவிட்ட பூனையை எடுத்தேன் என்பது ஒரு சமாதானம்தான்.

யார் வாங்கலாம்: வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறவர்கள், வாராவாரம் ஒரு மணி நேரம் குளியலுக்கு ஒதுக்க முடிகிறவர்கள், வருடா வருடம் எக்கோ செலவைத் தாங்குகிறவர்கள். காப்பீடு எடுப்பதாக இருந்தால் நோய் எதுவும் பதிவாவதற்கு முன்னால், வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே எடுத்துவிடுங்கள், அப்புறம் எடுத்தால் ஏற்கெனவே இருந்த நோய் என்று கையை விரித்துவிடுவார்கள். குணம்தான் வேண்டும், காது முக்கியமில்லை என்றால், மீட்பு அமைப்புகளில் ஸ்ஃபிங்ஸ் அவ்வப்போது வரும், அங்கே பெயர் கொடுத்துவைத்துக் காத்திருங்கள், பூனை இதேதான்.