இ-ரீடர் அருமை, யூஎஸ்பி கேபிள்தான் எமன்
என் இ-ரீடரில் (மின்புத்தகம் படிக்கும் கருவி) சிதைந்துபோன டேட்டாபேஸை ஒருவழியாகத் தேற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

திரையிலும் பேட்டரியிலும் இந்த இ-ரீடரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. படுத்துக்கொண்டு ஒற்றைக் கையில் பிடித்து எவ்வளவு நேரம் படித்தாலும் கண்ணும் வலிக்காது, மணிக்கட்டும் வலிக்காது. என் ஆத்திரமெல்லாம் கம்ப்யூட்டரில் செருகும்போது நடப்பதைப் பற்றித்தான்.

புத்தகம் ஏற்றிவிட்டு, முறையாக எஜெக்ட் கொடுத்துத்தான் கழற்றினேன். ஆனாலும் முகப்பில் ஒரு புத்தகம்கூட இல்லை. சேமிப்பு இடம் மட்டும் முன்போலவே நிரம்பியிருந்தது.

இபப் ஃபைல்கள், அதாவது புத்தகங்கள், பத்திரமாக இருந்தன. போனது டேட்டாபேஸ். எந்தப் புத்தகத்தில் எதுவரை படித்தேன், எங்கே அடிக்கோடிட்டேன், எது எந்த அலமாரியில் என்பதெல்லாம் மறைத்து வைக்கப்பட்ட கோப்புறையில் ஒரே ஒரு எஸ்க்யூலைட் (சிறிய டேட்டாபேஸ் வகை) ஃபைலில் இருக்கிறது. காலிபர் போன்ற மின்புத்தக நிர்வாக மென்பொருள் புத்தகத்தை ஏற்றுவதோடு நிற்காமல் அந்த ஃபைலிலும் எழுதுகிறது. எழுதும்போது இணைப்பு அறுந்தால் பாதியில் நின்றுவிடும். போதாக்குறைக்கு சேமிப்பகம் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறை. அதில் ஜர்னலிங், அதாவது பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் பதிவேடு, கிடையாது.

எஜெக்ட் கொடுப்பதற்கு முன்பே, நடுவில் இணைப்பு ஏன் அறுந்தது? கேபிளைச் செருகி, முனையை லேசாக அசைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் டிரைவ் மறைந்து, மறுபடி முளைத்தது. சார்ஜ் மட்டும் ஜோராக ஏறிக்கொண்டிருந்தது, திருட்டுக் கேபிள்!

வாடிக்கையாளர் சேவையைக் கேட்டால் எதற்கெடுத்தாலும் ஃபேக்டரி ரீசெட். அதைச் செய்தால் குறிப்புகளும் சேர்ந்தே போய்விடும். நான் முதலில் கெட்டுப்போன ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தேன். நகலில் இன்டெக்ரிட்டி செக் (ஃபைல் சேதமில்லாமல் இருக்கிறதா என்ற சோதனை) ஓட்டினால், 'ஓகே' என்று ஒரே சொல் வரவேண்டிய இடத்தில் பிழைகள் வரிசைகட்டி நின்றன. எஸ்க்யூலைட்டின் ரிகவர் கட்டளையைக் கொடுத்து, எஞ்சியதைப் புதிய ஃபைலுக்கு மாற்றி, வேறு கேபிளில் கருவிக்குள் வைத்தேன். அடிக்கோடுகள் பெரும்பாலும் திரும்பின. அலமாரிகள் போனது போனதுதான்.

இப்போதெல்லாம் செருகியதும் முதல் வேலை அந்த ஃபைலை நகலெடுப்பது. அப்புறம்தான் புத்தகம். ஒரே போர்ட்டில் பல கருவிகளைச் செருக உதவும் யூஎஸ்பி ஹப் பக்கமே போவதில்லை. ஆனால் இதை நான் ஏன் செய்ய வேண்டும்? ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இடம் வைத்தவர்களுக்கு, இந்த ஒரு ஃபைலைத் தானாக பேக்கப் எடுக்கத் தெரியாதா?

இன்றைக்கு யார் கேட்டாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். என்னுடையதை விற்கும் எண்ணம் மட்டும் இல்லை. கேட்கவும் வேண்டாம்.