கட்டத் தவணையா, தேதித் தவணையா?

வெப்சைட் போன்ற வேலையை கிளையன்டுக்குச் செய்து கொடுத்து, பணத்தைத் தவணையாக வாங்க இரண்டு வழி உண்டு. “டிசைன் ஒப்புதல் ஆனதும் 30%” என்பது கட்டத் தவணை. “மாதம் 1ஆம் தேதி 25%” என்பது தேதித் தவணை.

கட்டத் தவணைக்கு கிளையன்ட் உடனே தலையாட்டுவார்; வேலையைப் பார்த்துத்தானே பணம்! ஆனால் ஒப்புதல் அவர் கையில். லோகோவோ லாகினோ அனுப்பாமல் மூன்று வாரம் இழுத்தடித்தால் உங்கள் இன்வாய்ஸும் அங்கேயே நிற்கும். அதனால் ஒப்பந்தத்தில் மூன்று விதிகள் வேண்டும்: நீங்கள் வேலையை அனுப்பிய 5 வேலை நாளுக்குள் அவர் திருத்தம் சொல்லாவிட்டால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ளப்படும்; அவர் தரவேண்டியது 10 நாள் தாமதமானால் அதுவரை செய்த வேலைக்கு இன்வாய்ஸ்; 30 நாள் முடங்கினால் வேலையை நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்கத் தனிக் கட்டணம். தாமதம் தொடங்கிய அன்றே மெயில் போடுங்கள். போனில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

தேதித் தவணையில் இந்த இழுபறி குறைவு. ஆனால் பாதி வேலைகூடக் கண்ணில் படாமல் பணம் போகிறதே என்று கிளையன்ட் தயங்குவார். தாமதம் உங்கள் பக்கம் என்றால் தவணையை நிறுத்தியும் வைப்பார்.

ஒரு மாதத்துக்குள் முடியும் வேலைக்குக் கட்டத் தவணையே போதும். நீளும் வேலைக்கு இரண்டையும் சேர்த்து இப்படி எழுதலாம்: “ஒப்புதல் கிடைக்கும் நாள் அல்லது குறித்த தேதி, எது முந்தியோ அன்று தவணையைச் செலுத்த வேண்டும்; கிளையன்டால் ஏற்படும் தாமதம் இந்தத் தேதியைத் தள்ளாது.” முன்பணம் 30 முதல் 50% வரை, எந்த முறையானாலும்.