யானை போட்ட தினாரியஸும் ஒரு நல்ல இணைய அட்டவணையும்

என்னிடம் உள்ள ரோமானிய வெள்ளிக் காசுகளில் எனக்கு உயிரானது ஒரு தினாரியஸ். முன்பக்கம் தாடை பருத்த ஒரு முகம், பின்பக்கம் கவசம் பூட்டிய யானை. விற்றவர் உறைமேல் ரோமானியப் பேரரசர் வெஸ்பாசியனின் பெயரை எழுதிக் கொடுத்தார். காசைச் சுற்றியுள்ள வாசகம் பாதி தேய்ந்திருந்தாலும் அந்தப் பெயர் தெளிவாகத் தெரிந்ததால் பல மாதம் நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

தவறைக் காட்டிக்கொடுத்தது 'ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் தி ரோமன் எம்பயர்' என்ற இணைய அட்டவணை. அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது, முழுக்க இலவசம். அகஸ்டஸ் தொடங்கி 491இல் இறந்த ஜீனோ வரை பேரரசர்களின் காசு வகைகள் எல்லாம் இதில் உண்டு. லத்தீன் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். முகங்களைப் படம் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம், கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளை மட்டும் தட்டித் தேடலாம். நான் தினாரியஸைத் தேர்ந்தெடுத்து, பின்பக்க விவரத்தில் யானை என்று ஆங்கிலத்தில் போட்டேன். வந்து நின்றவர் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ்! அப்பாவின் பெயர் மகன் பெயரிலும் வருகிறது, முகச்சாடையும் அதே. காசின் ஆண்டு கி.பி. 80. கொலோசியம் திறந்த ஆண்டு அது. திறப்பு விழா நூறு நாள் நடந்தது என்று பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் டியோ எழுதியிருக்கிறார். அந்த விழாவின் நினைவுதான் இந்த யானை என்பார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொரு பயன் எடை. அருங்காட்சியகக் காசுகளின் சராசரி எடையை ஒவ்வொரு வகையோடும் போட்டிருக்கிறார்கள். 64ஆம் ஆண்டுவாக்கில் நீரோ தினாரியஸின் எடையைக் குறைத்துவிட்டதால், அகஸ்டஸ் காசின் எடையை வைத்து டைட்டஸ் காசை மதிப்பிட முடியாது. அதே வகையோடுதான் ஒப்பிட வேண்டும். என்னுடையது 3.2 கிராம், சரியாகவே இருந்தது. செம்புக்கு வெள்ளி முலாம் பூசிய பழைய கள்ளக் காசுகள் பெரும்பாலும் இதில் எடை குறைந்து மாட்டிக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. சில வகைகளுக்குப் படமே கிடையாது. பேரரசர்களுக்கு முந்தைய குடியரசுக் காலக் காசுகளுக்குத் தனித் தளம் போக வேண்டும். முக்கியமாக, காசு எந்த வகை என்றுதான் இது சொல்லும், அசலா போலியா என்று சொல்லாது. அசலை அச்செடுத்து வார்த்த போலியும் இதில் அழகாகப் பொருந்திவிடும். அதற்கு விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வார்ப்புக் கோடு இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.