வளாகத்தில் கத்தோலிக்க மாணவர் ஒன்றியம்: நான்கு வருட அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த அன்று, விடுதி கிடைக்குமா, மகாபொல புலமைப்பரிசில் கிடைக்குமா என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அம்மா மட்டும், "அங்க பூசைக்குப் போக வழி இருக்கா?" என்று கேட்டார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மாதத்துக்கு ஒருமுறை குருவானவர் வந்து திருப்பலி ஒப்புக்கொடுக்கும் சிற்றாலயத்தைச் சுற்றி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவின் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. விஞ்ஞானப் பட்டத்தை முடித்து வெளியேறியிருக்கும் இவ்வேளையில், என்னைப் போலவே தோட்டங்களிலிருந்து வரப்போகும் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று, நான் படித்த மலையகப் பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர் ஒன்றியம் மாணவர்களுக்கு ஆற்றும் பணியைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் வளாகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஒரு மாணவர் ஒன்றியத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பல்கலைக்கழக மாணவர்களிடையே நெடுங்காலம் பணியாற்றியவரும், 2019 ஒக்டோபரில் புனிதராக உயர்த்தப்பட்டவருமான கர்தினால் ஜோன் ஹென்றி நியூமன், தாங்கள் எதை விசுவசிக்கிறோம் என்பதை நன்கறிந்து, அதற்குக் கணக்குச் சொல்லவும் தெரிந்த பொதுநிலையினரே திருச்சபைக்குத் தேவை என்று 1851ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். பாடகர் குழு எவ்வளவு நன்றாகப் பாடுகிறது, ஒளி விழாவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பவற்றை விட, உள்ளே வந்த ஒரு முதலாம் வருட மாணவி நான்காம் வருடத்தில் தன் விசுவாசத்துக்குக் கணக்குச் சொல்லக்கூடியவளாக வெளியேறுகிறாளா என்பதையே நான் பார்க்கிறேன்.

அந்த அளவுகோலில் இந்த ஒன்றியத்தின் மிகச் சிறந்த பகுதி புதன்கிழமை மாலையில் நடக்கும் விவிலியப் பகிர்வு. வளாகச் சிற்றாலயத்துக்குப் பின்னாலுள்ள அறையில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, வருகிற ஞாயிறின் நற்செய்தியை இருமுறை உரக்க வாசிப்பார்கள். பின்னர் பத்து நிமிட மௌனம். அதன் பிறகு, எந்தச் சொல் தன்னைத் தொட்டது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் திருத்தவோ போதிக்கவோ கூடாது. வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் நிலைத்திருத்தல் என்று துறவியர் பல நூற்றாண்டுகளாகக் கடைப்பிடித்து வரும் நான்கு படிகளைத்தான் மாணவருக்கு ஏற்றபடி இவ்வாறு எளிமையாக்கியிருக்கிறார்கள். தமிழ் வட்டத்தில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலிருந்த பழைய மொழிபெயர்ப்பின் நடைக்குப் பழகியிருந்த எனக்கு அது முதலில் வெறுமையாகத் தோன்றினாலும், இரண்டு மாதங்களில் அதன் தெளிவு பிடித்துப்போயிற்று.

ஒரு புதன்கிழமையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய வாசகம் மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட வேலையாள் உவமை. மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்கள், தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று சொல்லும் இடம் வந்தபோது, காலையில் தொழிலாளரை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப் பேர் போடப்பட்டதையும், நாள் முழுக்க மழையில் நின்றும் பாதிச் சம்பளத்துடன் அவர் வீடு வந்ததையும் நான் சொன்னேன். மன்னாரிலிருந்து வந்த தோழிக்கும் நீர்கொழும்புத் தம்பிக்கும் 'அரைப் பேர்' என்ற சொல்லே புதிது. ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவனுக்கும் முழு நாள் கூலியான தெனாரியத்தைக் கொடுக்கும் நிலக்கிழார், அரைப் பேர் போட மறுக்கும் முதலாளி என்று நான் சொன்னதும் அறையில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. ஞாயிறு மறைக்கல்வியில் இந்த உவமையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். அது என் அம்மாவைப் பற்றியும் பேசுகிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

ஒன்றியம் அதை அந்த அளவில் விட்டுவிடவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில், பெல்ஜியத்துக் குருவானவர் ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளரிடையே பரப்பிய 'பார், தீர்ப்பிடு, செயற்படு' என்ற முறையைக் கொண்டு தோட்டச் சம்பளத்தை ஆராய்ந்தோம். நிலைமையை உள்ளபடி பார்ப்பது, விவிலியத்தின் ஒளியிலும் திருச்சபையின் போதனையிலும் அதை எடைபோடுவது, பின் தம்மால் இயன்ற ஒன்றைச் செய்வது என்பதே அம்முறை. தொழிலாளரின் நிலை பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடலை ஒன்றியத்தை வழிநடத்தும் ஆன்ம குரு எங்கள் கையில் தந்தார். உழைப்பவனும் அவன் குடும்பமும் மாண்போடு வாழப் போதுமானதாக ஊதியம் இருக்க வேண்டும் என்றும், தேவையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்கு ஒருவன் உடன்பட்டாலும் அதனாலேயே அது நீதியாகிவிடாது என்றும் அது சொல்கிறது. 1893இல் கண்டி அம்பிட்டியவில் குருமடத்தை நிறுவியவரும் அதே திருத்தந்தைதான். அக்குருமடம் 1955இல் இந்தியாவின் பூனே நகருக்கு மாற்றப்பட, அந்த இடத்தில் நம் நாட்டின் தேசிய குருமடம் இயங்கி வருகிறது. 2025 மே மாதத்தில் புதிய திருத்தந்தை 14ஆம் லியோ என்ற பெயரைத் தெரிந்துகொண்டு, அச்சுற்றுமடலை நினைத்தே அப்பெயரை ஏற்றதாக விளக்கியபோது, எங்கள் புதன்கிழமைக் குழுவில் அது வெறும் செய்தியாக இருக்கவில்லை. நாங்கள் 'செயற்படு' என்று எடுத்துக்கொண்டது மிகச் சிறிய காரியம்: அருகிலுள்ள தோட்டமொன்றின் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுப்பது. இன்றும் அது நடக்கிறது.

ஞாயிறு திருப்பலியைப் பற்றி இவ்வளவு மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் கத்தோலிக்கர் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். அவர்களிலும் பெரும்பாலோர் மேற்குக் கரையோரத்தில் வாழ்கிறார்கள். ஆகவே வளாகத்திலும் சிங்கள மொழி மாணவரே அதிகம். திருப்பலி மாதத்தில் மூன்று ஞாயிறுகள் சிங்களத்திலும் ஒரு ஞாயிறு மட்டும் தமிழிலும் நடக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் இதில் குற்றம் காண முடியாது. எனக்கு வருத்தம் தருவது வேறு. சிங்களத் திருப்பலியில் ஒரு தமிழ்ப் பாடலும் ஒரு தமிழ் மன்றாட்டும் சேர்க்கப்படும். ஆனால் அந்த மன்றாட்டு, கடைசி நேரத்தில் சிங்களத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்து யாராவது ஒருவர் கையில் திணிக்கப்பட்ட தாளாகவே பெரும்பாலும் இருக்கும். தமிழ் மாணவரைத் தம் நெஞ்சிலிருந்து ஒரு மன்றாட்டு எழுதச் சொல்லி, அதைச் சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பது ஒருமுறைகூட நடந்ததில்லை.

இந்த மலைநாட்டில் அப்படி நடப்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்திறங்கிய புனித யோசேப் வாஸ், தமிழையும் சிங்களத்தையும் கற்றுக்கொண்டே இந்த மண்ணில் நற்செய்திப் பணி செய்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையிடப்பட்டார். பின்னர் அம்மை நோய் பரவியபோது, நோயாளிகளைத் தம் கையால் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். அவருக்குப் பின் பணியைத் தொடர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் இரு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்தபோது நான் சிறுமி. தோட்டத்து ஆலயத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து எல்லோரும் பார்த்தோம். அவருடைய திருவிழாவை ஒவ்வொரு ஜனவரியிலும் மனமாரக் கொண்டாடும் ஒன்றியத்துக்கு, மொழியைப் பொறுத்தவரை அவரிடம் கற்றுக்கொள்ள இன்னும் மிகுதி இருக்கிறது.

விஞ்ஞான மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. இரண்டாம் வருடத்தில் கூர்ப்புக் கோட்பாட்டைப் படிக்கத் தொடங்கியபோது பலருக்கும் வருகிற குழப்பம் எனக்கும் வந்தது. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவரிடம் அதைக் கேட்டபோது, இத்தகைய கேள்விகள் விசுவாசத்தைக் கெடுக்கும், செபியுங்கள் என்று சொல்லி அமர்ந்துவிட்டார். அன்றிரவு விடுதிக்குத் திரும்பும் வழியில், இனி இந்த அறைக்கு வரக்கூடாது என்றே நினைத்தேன். மறுவாரம் எங்கள் ஆன்ம குரு தாமாகவே அதை மீண்டும் எடுத்தார். மனித உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்குத் திருச்சபை தடை விதிக்கவில்லை என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1950இலேயே எழுதியதையும், கூர்ப்புக் கோட்பாடு வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1996இல் குறிப்பிட்டதையும், மரபியலின் அடித்தளத்தை இட்ட மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி என்பதையும், அண்டம் விரிவடைகிறது என்று 1927இல் கணித்து எழுதிய ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு குருவானவர் என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தமக்கு விடை தெரியாத இடங்களில் தெரியாது என்றார். என்னை ஒன்றியத்தில் நிறுத்தியது அந்த மாலைதான்.

ஆனால் அந்தக் குருவானவர் வேறு பணிகளையும் சுமப்பதால் வாரத்தில் இரண்டு நாட்களே வளாகத்துக்கு வருகிறார். ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெற விரும்புவோர் புதன்கிழமை பகிர்வுக்கு முன்னரே போய்விட வேண்டும். பரீட்சைக் காலத்தில், மனம் மிகவும் சோர்ந்திருக்கும் அந்த ஆறு வாரங்களில், புதன்கிழமைக் கூட்டங்களும் நிறுத்தப்படுவது எனக்குப் பெரிய குறையாகப்பட்டது. பத்து நிமிட மாலைச் செபமாவது அந்நாட்களில் தொடரலாம். மூன்றாம் வருடத்தில் நானும் இரண்டு தோழிகளும் விடுதியின் மாடிப்படியில் அமர்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினோம். பரீட்சை முடிவதற்குள் அந்தப் படியில் பதினொரு பேர் இருந்தார்கள், அதில் இருவர் கத்தோலிக்கர் அல்லர்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இரண்டு நாள் தியானமும், மாத்தளை மாவட்டத்து வாஹகோட்டே புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போகும் யாத்திரையும் நல்ல ஒழுங்குடன் நடக்கின்றன. செலவுப் பங்கைக் கொடுக்க முடியாதவர்களிடம் யாரும் கேட்பதில்லை. பொருளாளர் மட்டுமே அறிவார், அவரும் சொல்லமாட்டார். கையில் காசில்லாமல் முதலாம் வருடத்தைக் கழித்த எனக்கு இது சிறிய விடயமன்று. சிரேஷ்ட மாணவரும் புதியவரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள்; பகிடிவதையின் நிழல்கூட அங்கே இல்லை.

பட்டம் பெற்று வெளியேறுவோருக்கு ஒன்றியம் எதையும் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் வருடத்தில் ஆய்வுக் கட்டுரையைக் காரணம் காட்டிப் பலரும் விலகிவிடுகிறார்கள். அவர்களைத் தேடிப் போவதற்கு ஒருவருமில்லை. ஊருக்குத் திரும்பும் பட்டதாரியைத் தன் பங்கின் மறைக்கல்விக்கோ, அயல்வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கோ அறிமுகப்படுத்தும் ஒரு கடிதம்கூடக் கொடுக்கப்படுவதில்லை. எங்கள் தோட்டத்து ஆலயத்தில் மறைக்கல்வி கற்பிக்க ஆளில்லாமல் மூன்று வருடங்களாக வகுப்பு நின்றிருந்தது என்பது, நான் வீடு திரும்பிய பின்னரே எனக்குத் தெரியவந்தது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஞாயிறன்று போக வேண்டாம். கூட்டத்தில் யாரும் உங்களைக் கவனிக்கமாட்டார்கள், நீங்களும் பின்வரிசையிலிருந்தே திரும்பிவிடுவீர்கள். புதன்கிழமை ஆறரை மணிக்குச் சொந்த விவிலியத்தோடு போங்கள். அறையில் இருப்பவை எப்போதும் போதாது. குடையும் கம்பளிச் சட்டையும் வேண்டும், மழைக்காலத்தில் அந்த அறை மிகவும் குளிரும். தமிழ் வட்டம் சன்னல் பக்கம் அமரும். முதல் நாள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். முடிந்ததும் பிளேன்டீ தருவார்கள், அதற்கு நின்றுவிட்டே போங்கள்.