காலில் காணாக்கடி: அவிலா, செட்டிரிசினா, செருப்பா?

பாதம் அரிக்கிறது என்று மருந்துக்கடையில் சொன்னால், பெரும்பாலும் பூஞ்சைக் களிம்பு ஒன்று கைக்கு வந்துவிடும். சேற்றுப்புண் என்றால் அது சரி. விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்து, நாள்கணக்கில் இருந்த இடத்திலேயே கிடப்பது சேற்றுப்புண். காணாக்கடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்து, சில மணி நேரத்தில் சுவடில்லாமல் அமுங்கி, வேறோர் இடத்தில் கிளம்பும். ஐயமாக இருந்தால் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கோட்டுக்குள் ஒன்றும் இல்லையென்றால், அது அநேகமாகக் காணாக்கடிதான்.

இனி மாத்திரைகள். தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்கள் கக்கும், அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதுதான் எல்லாவற்றின் வேலையும். அவில் நம் வீடுகளின் பழைய உறவுக்காரர். அரிப்பை அடக்கும், ஆனால் மூளைக்குள்ளும் புகுந்து ஆளைச் சாய்த்துவிடும். "தூக்கமும் வருகிறதே, நல்லதுதானே" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மந்தம் மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் கூடவே வரும். இரவில் எழுந்து நடக்கும் முதியவர்கள் தடுமாறி விழவும் கூடும்.

செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று ஒரு நாளைக்குத் தாங்கும், விலையும் குறைவு. சிலருக்கு இதிலும் கண் சொக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஃபெக்சோஃபெனடின் தூக்கம் தருவது மிக அரிது, விலைதான் சற்றுக் கூடுதல். ஆப்பிள், ஆரஞ்சுச் சாறுடன் விழுங்கினால் உடலில் சேர்வது குறைந்துவிடும், தண்ணீரே போதும். என் தேர்வு: இரவில் போடுவதானால் செட்டிரிசின், பகலில் வண்டியோ இயந்திரமோ ஓட்டுபவருக்கு ஃபெக்சோஃபெனடின். அடிக்கடி வருகிறதென்றால், தடித்த பிறகு தேடி ஓடுவதைவிட மருத்துவர் சொன்ன காலம்வரை தினமும் போடுவதே பலன் தரும்.

பூச்சு மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேலமைன் குளிர்ச்சி தரும், ஈரத்துணியும் தரும். தடிப்பின் காரணத்தை இரண்டும் தொடாது. குளிர்ச்சியாலேயே காணாக்கடி வருபவர்களுக்கு ஈரத்துணியும் ஆகாது. அருகம்புல்லும் மஞ்சளும் அரைத்துப் போடுவதை நான் பழிக்கமாட்டேன். அழுத்தித் தேய்க்காதீர்கள், அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்கச் சிலருக்குத் தடிப்பு கூடும். ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். இருப்பது பூஞ்சையாகப் போனால் அதைப் பரப்பிவிடும்.

மாத்திரை தோற்று, செருப்பு ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: அழுத்தத்தால் வரும் காணாக்கடி. இதற்கு மேலே சொன்ன பேனாச் சோதனையும் செல்லாது. அழுத்தம் பட்டு 4 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் உள்ளங்கால் ஆழமாக வீங்கும். அரிப்பைவிட வலி மிஞ்சும். 3 நாள்கூட நீடிக்கலாம். ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றவருக்கு இரவில்தான் கால் வீங்கும், பழி இரவு சாப்பிட்ட கருவாட்டின் மேல் விழும்! இதில் வழக்கமான அளவு மாத்திரை பலருக்குப் போதாது. இறுக்கமான வாரும் கெட்டியான அடியும் உள்ள செருப்பை மாற்றி, அகலமான, மெத்தென்ற அடியுள்ளதைப் போடுவதும் இடையிடையே உட்காருவதும் கூடுதலாக உதவும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது; கேட்டு வாங்கலாம். கால்வலிக்கென்று ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போடுவதற்கு முன் யோசியுங்கள். சிலருக்கு அவையே காணாக்கடியைக் கிளறிவிடும்.

6 வாரம் தாண்டியும் வந்துகொண்டிருந்தாலோ, தடிப்பு ஒரு நாளுக்கு மேல் நின்று கன்றிய தடம் விட்டுப்போனாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். காலில் தொடங்கியது உதடு, நாக்கு வீக்கமாகவோ மூச்சுத்திணறலாகவோ மாறினால் எந்த மாத்திரை என்று அலசிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.