கசான் மருத்துவப் பல்கலை: வார்டில் பேசத் தயாராக இருப்பவர்களுக்கு

ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது ஃபீஸ், குளிர், சாப்பாடு. மூன்றையும் பற்றிப் பேசலாம். ஆனால் கசான் மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடப் படிப்பை முடித்து வந்தவள் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு ரஷ்ய மொழி படிக்க மனமிருக்கிறதா? இருந்தால் தாராளமாக அனுப்பலாம். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பாடம் ஆங்கிலத்தில்தான். அனாடமி, ஹிஸ்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று முதல் இரண்டு வருடம் ரஷ்ய மொழி இல்லாமலும் ஓட்டிவிடலாம். மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரிக்குள் போனதும் நிலைமை மாறிவிடும். கசானைத் தலைநகராகக் கொண்ட தத்தார்ஸ்தான் குடியரசின் மருத்துவமனை ஒரென்பூர்க் சாலையில் இருக்கிறது; அது பெரியது, எல்லாத் துறையும் உண்டு. படுக்கையில் இருப்பவர்கள் ரஷ்ய மொழி பேசுவார்கள். கிராமத்திலிருந்து வந்த பாட்டிகள் அந்தப் பகுதி மக்களின் தத்தார் மொழிக்குத் தாவிவிடுவார்கள். "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா" என்று கேட்கத் தெரிந்தவர்கள் கட்டில் பக்கத்தில் நிற்பார்கள். தெரியாதவர்கள் சுவரோரம் நின்று போனைப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் கடைசியில் கிடைப்பது ஒரே பட்டம்தான்.

இதய பலவீனத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த ஒரு பாட்டி, என் அரைகுறை ரஷ்ய மொழியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீங்கிய காலைத் தானே நீட்டி "அழுத்திப் பார் மகளே" என்றார். விரல் பதிந்த குழி மெதுவாக மேலே எழுந்ததைப் பார்த்த பிறகு, இதய பலவீனத்தால் வரும் கால் வீக்கம் பற்றிய அத்தியாயத்தை நான் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

சொல்லித்தரும் முறை கண்டிப்பானது, எனக்கு அது பிடித்திருந்தது. சிறிய குழுக்கள், அநேகமாக ஒவ்வொரு வகுப்பிலும் வாய்மொழிக் கேள்வி. மதிப்பெண் 2 முதல் 5 வரை, 3 எடுத்தால் தேர்ச்சி. வகுப்பைத் தவறவிட்டால் "அத்ரபோத்கா", அதாவது விட்ட பாடத்தை ஆசிரியரிடம் போய் ஒப்பித்து முடிக்க வேண்டும். அதைப் பாக்கி வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போக முடியாது. பரீட்சையிலும் கேள்விச் சீட்டை எடுத்து, சிறிது நேரம் யோசித்து, எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் வாயே திறக்காமல் படித்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய பயிற்சி.

1814இல் தொடங்கிய மருத்துவக் கல்வி இது. ரஷ்யா முழுக்கப் புண்ணுக்குப் போடும் விஷ்னேவ்ஸ்கி களிம்பை உருவாக்கிய அறுவை நிபுணர் கசானில் படித்தவர்தான். பிர்ச் மரத் தாரும் ஆமணக்கெண்ணெயும் கலந்த அந்தக் களிம்பின் நெடியை ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

குறையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பதிவு பெற எழுதும் எஃப்எம்ஜிஇ தேர்வு 300 கொள்குறிக் கேள்விகள், 150 எடுக்க வேண்டும். வாய்மொழிப் பழக்கம் அதற்கு அப்படியே உதவாது. நான்காம் வருடத்திலிருந்தே தனியாகத் தயாராக வேண்டும். கட்டுவிரியன் கடி, டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் அந்தக் குளிர் நாட்டு வார்டுகளில் அநேகமாகக் கண்ணில் படாது. இங்கே அரசு மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்த பிறகுதான் பாம்புக்கடி நோயாளியை நேரில் பார்த்தேன். லீவுக்கு ஊர் வரும்போது பக்கத்து ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக் கொஞ்ச நாள் நின்று பாருங்கள்.

சரி, குளிர். ஜனவரியில் மைனஸ் 20க்குக் கீழேயும் போகும். ஆனால் கட்டடங்களுக்குள் சூடு நன்றாக இருக்கும், உடம்பு பழகிவிடும். என்னை வாட்டியது இருட்டு. டிசம்பரில் மாலை மூன்று மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். முதல் குளிர்காலத்தில் வீட்டு ஞாபகம் வந்து அழாதவர்களை நான் பார்த்ததில்லை. அந்த மாதங்களில் பெற்றோர் தினமும் போன் செய்யுங்கள். கோட்டும் பூட்ஸும் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே போய் சீனியர்களோடு கடைக்குப் போனால் சரியானது கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு ஹாஸ்டலில் பொதுச் சமையலறை உண்டு. புளி, சாம்பார் பொடி, மிளகாய்த் தூளை ஊரிலிருந்து கொண்டுபோங்கள். இட்லி மாவை ஜன்னலடி ஹீட்டர் மேல் வைத்தால் நன்றாகப் புளிக்கும். கேஃபிர் என்ற புளித்த பாலில் மோர்க்குழம்பு அருமையாக வரும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குண்டு அரிசி மட்டும் குழைந்துவிடும். தத்தார்களின் ஊர் என்பதால் ஹலால் இறைச்சிக்குப் பஞ்சமில்லை. உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுடும் முக்கோண எச்போச்மாக் எங்கள் வழக்கமான மதியச் சாப்பாடு.

பணம் அனுப்புவது 2022 மார்ச்சுக்குப் பிறகு சிரமமாகிவிட்டது. நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்யாது. அங்கே வங்கிக் கணக்குத் தொடங்கும்வரை கையில் பணம் வேண்டும். உக்ரைன் போரையும் மறைக்க விரும்பவில்லை. 2024 டிசம்பர் 21 அன்று கசானின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் மீதே டிரோன்கள் மோதின. இதைப் பெற்றோர் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம், ஏஜென்ட்கள். என்னை அனுப்பிய ஏஜென்சி ரஷ்ய மொழி தேவையே இல்லை என்று அடித்துச் சொன்னது. அப்படிச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். நீட் தேர்ச்சி அவசியம். அதோடு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை நீங்களே படியுங்கள்: ஒரே கல்லூரியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே பல்கலையில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழிக் கல்வி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதி. ஒவ்வொன்றுக்கும் பல்கலையிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். தேர்வு வாரியம் வெளியிடும் கல்லூரிவாரியான எஃப்எம்ஜிஇ முடிவுகளையும் பாருங்கள். கடைசியாக, அங்கே இப்போது நான்காம் வருடம் படிக்கும் ஒருவரோடு பேசி, போன வாரம் எத்தனை நோயாளிகளிடம் தானே பேசினார் என்று கேளுங்கள்.