நான்கு ஜனவரி, ஒரு துளை

“வில்லு விலையை இறக்கியிருக்கான், வாங்கலாமா மச்சான்?” என்று அரிசோனாவின் டூசானில் இருக்கும் நண்பன் கேட்டு இரண்டு நாள் ஆகிறது. அவன் கேட்ட அன்றுதான் அதே காம்பவுண்ட் வில்லுக்கு (முனைகளில் சக்கரம் வைத்த நவீன வில்) இரண்டாவது தடவையாக நாண் மாற்றி, கடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் பேச முடியாது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

60 பவுண்டு இழுவை, 80 சதவீத லெட்-ஆஃப் (முழுக்க இழுத்தபின் கையில் நிற்கும் சுமை அவ்வளவு குறையும்), எடை, வேகம் எல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. என் சண்டை முழுக்க பீப் சைட் என்கிற சின்ன வளையத்தோடுதான். நாணின் இழைகளுக்கு நடுவே செருகியிருக்கும். நாணை முழுக்க இழுத்ததும் அது கண்ணுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். அதன் துளை வழியாகத்தான் முன்னால் உள்ள குறிமுள்ளைப் பார்க்க முடியும். என் வில்லில் அது கால் சுற்று திரும்பிக்கொள்கிறது. பக்கவாட்டில் திரும்பிவிட்டால் துளையாவது ஒன்றாவது!

நாண் என்பது பாலிஎத்திலீன் இழைகளை முறுக்கிச் செய்தது. வெயில் ஏற ஏற, இழுவிசையில் இழை கொஞ்சம் கொஞ்சமாக நீளும், முறுக்கு நகரும், வளையமும் கூடவே திரும்பும். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதே, அப்போது ஒரு மதியம் முழுக்க வில்லைக் காரிலேயே விட்டுவிட்டேன். அது என் தப்பு. ஆனால் அதற்கு முந்தைய ஜனவரியிலேயே அந்த வளையம் என் மானத்தை வாங்கியாகிவிட்டது.

சூப்பர்ஸ்டிஷன் மலையடிவாரம். ஹாவெலினா தேடிப் போயிருந்தேன். பார்த்தால் பன்றி மாதிரியே இருக்கும், ஆனால் பன்றிக் குடும்பம் இல்லை, பெக்கரி என்கிற தனிக் குடும்பம். கண் மந்தம், மூக்கு மகா கூர்மை. கடித்துக் குதறிய சப்பாத்திக்கள்ளி மடல்களைப் பார்த்துத்தான் அது போன வழியைப் பிடிக்க வேண்டும். (நம் ஊர்த் தரிசுகளில் கிடக்கும் அந்தக் கள்ளிக்கும் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம்தான்.) கேமரா கட்டி வேவு பார்க்கலாம் என்றால், 2022 ஜனவரி 1 முதல் அரிசோனாவில் வேட்டைக்கு அது தடை. சரி, நடந்துதான் ஆக வேண்டும்.

விடியலில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் பட்டதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கிவிடும். காற்றின் திசை தெரிய பவுடர் குப்பியை நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, கூட்டத்துக்குக் கீழ்க்காற்றில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தேன். முழங்காலில் சோயா முள் உருண்டை (சோயா பீன்ஸ் இல்லை, தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் கள்ளி). அதைச் சீப்பால் நெம்பி எடுத்தேன், சத்தம் போடாமல். 22 கெஜம். நாணை இழுத்தேன். கண்ணுக்கு நேரே கறுப்பாக ஒரு விளிம்பு மட்டும்!

அம்பை விடாமல் நாணைத் திரும்ப இறக்குவது இருக்கிறதே, 12 பவுண்டாகக் கையில் நின்றது திடீரென்று 60 ஆகித் தோளைப் பிடுங்கும். கை உதறியதில் அம்பு அதன் தாங்கியில் ‘டக்’ என்றது. ஒரு உறுமல், ஹாவெலினாவின் அழுகல் வாடை, அவ்வளவுதான். புழுதி மட்டும் மிச்சம்.

கடையில் வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ்ஸில் மாட்டி, நாணுக்கு அரைச் சுற்று முறுக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். புது நாண் அப்படித்தான், இருநூறு அம்பு விட்டால் நிலைக்கு வந்துவிடும் என்றார்கள். விட்டேன், வரவில்லை. அந்த வருடக் கடைசியில் நாணையே மாற்றினார்கள், அப்போதும் அதே இருநூறு அம்பு வசனம். இடையில், வளையத்தை நேராக இழுத்து நிறுத்தும் ரப்பர் குழாய் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். பாலைவன வெயிலில் காய்ந்துபோய், ஒருநாள் அறுந்து கன்னத்தில் அறைந்தது.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜனவரியில் ஒரு ஹாவெலினா பாலோ வெர்டே மரத்துக்குப் பின்னால் வந்து நின்றது. நாணை இழுத்த கையோடு ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருந்தேன். சாதாரண வில்லாக இருந்தால் பத்து நொடியில் கை நடுங்கியிருக்கும். இந்த வில் அசையவில்லை. அன்று வளையமும் அதிசயமாக நேராக இருந்தது. ஹாவெலினா ஒரு அடி முன்னே வந்தது, 19 கெஜம், ஒரே அம்பு. வல்வில் ஓரிக்கு ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்து. எனக்கு நான்கு வருடத்தில் ஒன்று, அதுவும் பன்றி இல்லை.

2025 ஜனவரியில் ஒரு மியூல் மான் முன்னால் மறுபடி அதே கறுப்பு விளிம்பு. அதைப் பற்றி எழுதினால் ரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்கள்.

நண்பனுக்கு வாங்காதே என்று பதில் போட்டுவிட்டேன். “அப்போ உன்னோடதைக் கொடு, பாதி விலை தர்றேன்” என்றான். முடியாது என்றேன். அக்டோபரில் வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், வில் இல்லாமல் எப்படி?

நேற்று ரேஞ்சில் புது நாணில் 40 அம்பு விட்டேன். முப்பத்தைந்து வரை வளையம் வட்டமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் லேசாக முட்டை வடிவம்.